கூரையும் குத்தகையும்

ஞாயிற்றைப் போற்றித் தொடங்குவது தமிழுக்குப் புதிய வழக்கன்று. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றிய பின்னரே பூம்புகாரின் கதைக்குள் புகுகின்றது. இளங்கோவடிகள் போற்றிய ஞாயிற்றுக்கு எவரும் விலை கூறியதில்லை. இன்று சிங்கப்பூரின் அடுக்குமாடிக் கூரைகளின்மேல் விழும் அதே ஞாயிற்றின் ஒளி அளக்கப்படுகின்றது, விலையிடப்படுகின்றது, ஒருவர் விற்க மற்றொருவர் வாங்குகின்றார். அதனைப் பற்றிய செய்திகளும் அறிவிப்புகளும் தமிழில் வருகின்றன. அவற்றின் தமிழ் எத்தகையது, அதனைப் படிக்கும் குடியிருப்பாளர் ஒருவருக்கு உண்மையில் என்ன விளங்கும் என்பது ஆராயத்தக்கது. கவிதைக்கும் கதைக்குமே திறனாய்வு உரியது என்று கருதுவோர் உளர். ஆயின், மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவோருக்காக எழுதப்படும் உரைநடை அவற்றினும் கூர்ந்து படிக்கப்பட வேண்டியது. அங்கே நேரும் பொருள் மயக்கத்துக்குப் பணத்தால் விலை கொடுப்பவர் படிப்பவரே.

முதற்கண் செய்தியின் வரலாறு. சிங்கப்பூரில் நகர மன்றங்கள் 1986-இல் அங் மோ கியோவில் முன்னோடியாகத் தொடங்கி, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றன. வீட்டின் உட்புறம் குடியிருப்பவர் பொறுப்பு; மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர் ஏற்றும் விசைப்பொறி, துப்புரவு ஆகிய பொதுப்பணிகள் நகர மன்றத்தின் பொறுப்பு. இவற்றுக்கு ஆகும் மின்கட்டணமும் குடியிருப்பாளர் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்தே பெரும்பாலும் செல்கின்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2008-இல் சிராங்கூன் நார்த்திலும் செம்பவாங்கின் வெலிங்டன் சர்க்கிளிலும் கூரைகளின்மேல் சூரியத் தகடுகளைப் பொருத்திச் சோதனை செய்தது. அடுத்த ஆண்டு 31 மில்லியன் வெள்ளியில் முப்பது குடியிருப்பு வட்டாரங்களுக்கு அச்சோதனை விரிவாக்கப்பட்டது. இக்கட்டத்தில் தகடுகள் பொதுப்பணத்தில் வாங்கப்பட்டவை. வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

2011-இல் பொங்கோலில் முறை மாறியது. அங்கே 2 மெகாவாட்-பீக் அளவுக்கு விடப்பட்ட ஒப்பந்தத்தில் தகடுகளை வாங்குவது தனியார் நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. முதலீடு, வடிவமைப்பு, பொருத்துதல், பழுதுபார்த்தல் அனைத்தும் நிறுவனத்தினுடையவை. நகர மன்றம் தான் பயன்படுத்தும் சூரிய மின்சாரத்துக்கு மட்டும் பணம் செலுத்தும். அவ்விலை சில்லறை மின்கட்டணத்தை மிஞ்சாத சலுகை விலையாக இருக்கும். 2014-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் இணைந்து தொடங்கிய சோலார்நோவாத் திட்டம் இம்முறையைப் பெரிதாக்கியது. பல நகர மன்றங்களின் கூரைகளும் அரசு அமைப்புகளின் கட்டடங்களும் ஒரே கட்டாகச் சேர்க்கப்பட்டு ஒரே ஒப்பந்தமாக விடப்படுகின்றன. 2015-இல் முடிவான முதல் ஒப்பந்தம் 76 மெகாவாட்-பீக்; எண்ணூறுக்கு மேற்பட்ட புளோக்குகள் அதில் அடங்கின. அதனைப் பெற்றது சன்சீப் நிறுவனம்.

சிறு மன்றம் ஒன்று தனித்துச் சென்று ஐம்பது கூரைகளுக்கு விலை கேட்டால் கிடைக்கும் விலை வேறு. ஆயிரம் கூரைகளை ஒன்றாக முன்வைத்தால் கிடைக்கும் விலை வேறு. இதனைக் கண்டுகொண்டவர்களின் அறிவு பாராட்டுக்குரியது. கைமுதல் போடாமல், பழுதின் கவலை இல்லாமல், வெற்றாய்க் கிடந்த கூரையிலிருந்து மலிவான மின்சாரம் கிடைப்பதை எவரும் குறைகூற இயலாது. குறை திட்டத்தில் இருப்பதனினும் அதனை எடுத்துச் சொல்லும் மொழியில் மிகுதியாக இருக்கின்றது.

ஏலம் என்னும் சொல்

ஒப்பந்தம் விடுவதைக் குறிக்கச் சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகளில் ‘ஏலக்குத்தகை’ என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. தமிழகத்தில் ‘ஒப்பந்தப்புள்ளி’ என்பர். இலங்கையில் ‘கேள்விப்பத்திரம்’, ‘விலைமனு’ ஆகியவை வழங்குகின்றன. ஏலக்குத்தகை என்பது பழைய ஊராட்சி வாழ்க்கையில் பிறந்த சொல். குளத்து மீன், சந்தைச் சுங்கம், ஆற்றுத் துறையின் ஓடம், கோயில் தோப்பின் தேங்காய் ஆகியவற்றை ஏலத்தில் விட்டனர். மிகுதியாகக் கேட்டவர்க்கு உரிமை கிடைத்தது. குத்தகை எடுத்தவர் ஊருக்குப் பணம் கட்டினார். பின்னர்த் தம் பாட்டைத் தாம் பார்த்துக்கொண்டார். ஆக, அச்சொல்லுக்குள்ளே பணம் செல்லும் திசை ஒன்று அடங்கியிருக்கின்றது. அது எடுத்தவரிடமிருந்து ஊருக்குச் செல்லும் திசை.

சோலார்நோவாவில் பணம் எதிர்த்திசையில் செல்கின்றது. கூரையைக் கொடுத்த நகர மன்றமே, கூரையை எடுத்த நிறுவனத்துக்கு மாதந்தோறும் பணம் செலுத்துகின்றது. இதனை அறியாத குடியிருப்பாளர், ‘நம் புளோக்கின் கூரை ஏலக்குத்தகைக்கு விடப்பட்டது’ என்று படித்தால், நிறுவனம் நம் மன்றத்துக்கு வாடகை கட்டுகின்றது என்றே கொள்வார். அவர் தவறாகப் படித்தார் என்று சொல்ல முடியாது. சரியான தமிழறிவோடு படித்தவர் அவர். அவரை வழிமாற்றியது சொல்.

வேளாண்மைத் தமிழ் இவ்விடத்தில் நுட்பமானது. விளைச்சலில் பங்கு தருவது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த அளவைத் தருவது குத்தகை. மேல்வாரம் என்றும் குடிவாரம் என்றும் பங்கைப் பிரித்துப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். கூரையின் ஒப்பந்தம் இவ்விரண்டில் எதுவும் அன்று. தம் வீட்டுப் பின்புறத்து வெற்றிடத்தில் பயிரிட்டுக்கொள்ளுமாறு ஒருவரை விட்டு, அவர் விளைவிக்கும் கீரையைக் கடைவிலையை மிஞ்சாமல் விலை கொடுத்து வாங்கும் ஏற்பாட்டுக்கு ஒப்பானது அது. அதற்கு ‘மின்கொள்முதல் உடன்பாடு’ என்ற நேர்ச்சொல் தமிழில் உண்டு. செய்தி எழுதுவோர் அதனைப் பயன்படுத்தாமைக்குக் காரணம் விளங்கவில்லை. வழக்கில் ஊறிய சொல்லை மாற்ற இயலாது என்பாருக்கும் ஒன்று சொல்லலாம்: ஒப்பந்தம் விடும் செயலுக்கு ஏலக்குத்தகை என்பதையே வைத்துக்கொள்க, ஒப்பந்தத்தின் பொருளுக்கு அதனை நீட்டாதிருந்தால் போதும்.

(ஏலம் என்னும் சொல்லே போர்ச்சுகீசியர் வழி தமிழுக்கு வந்தது. முதல் சோலார்நோவா ஒப்பந்தத்தைப் பெற்ற சன்சீப் 2022-இல் போர்ச்சுகல் நாட்டுக் குழுமம் ஒன்றைச் சார்ந்த நிறுவனத்தின் கைக்குச் சென்றது. சொல்லும் பொருளும் ஒரே துறைமுகத்தில் வந்து சேர்ந்தன போலும்! வேடிக்கை ஒருபுறம் இருக்க, இத்தகைய உடன்பாடுகள் பொதுவாக இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நீள்பவை. அத்தனை காலமும் எதிர்த்தரப்பில் ஒரே பெயர் இருக்கும் என்று எவரும் எண்ணலாகாது.)

எழுவாய் எங்கே?

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இச்செய்திகள் நல்ல பயிற்சிக்களம் ஆகும். ‘நகர மன்றம் சூரியத் தகடுகளைப் பொருத்துகின்றது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் நகர மன்றம். உண்மையில் பொருத்துவது நிறுவனம். பிறவினையாக்கிப் ‘பொருத்துவிக்கின்றது’ என்றாலும் பொருந்தாது. ஒப்பந்தம் விடுவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். மன்றம் இசைவு தருகின்றது, வாங்குகின்றது, பணம் செலுத்துகின்றது. இம்மூன்று வினைகளும் செய்தியில் இடம்பெறுவது அரிது. மாறாக, ‘தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன’ என்னும் செயப்பாட்டுவினையே எங்கும் காணப்படுகின்றது. செயப்பாட்டுவினை தமிழுக்கு ஆகாதது அன்று. வினைமுதல் யார் என்பது கேட்போருக்குத் தெரிந்திருக்கும் இடத்தில் அது நன்றாகவே நிற்கும். தெரியாத இடத்தில் ஒரு திரையாகிவிடுகின்றது. தகடு பழுதானால் யாரைக் கேட்பது, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்று ஒரு குடியிருப்பாளர் கேட்க நினைத்தால், அவர் கையில் உள்ள வாக்கியத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை.

தள்ளுபடி என்னும் சொல்லும் இவ்வாறே. தள்ளுபடி என்பது ஒரு விலையைச் சுட்டுவதன்று. இரு விலைகளுக்கிடையே உள்ள தொலைவைச் சுட்டுவது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவால் ஆவது. ஆகவே எரிவாயுவின் விலை ஏறினால் மின்கட்டணமும் ஏறும். 2020-இன் நடுவில் ஒரு கிலோவாட்-மணிக்கு 20 காசுக்குக் கீழே இருந்த வீட்டுக் கட்டணம் 2022-இல் 30 காசைத் தாண்டியது. ஞாயிற்றுக்கு அவ்வேற்றம் கிடையாது; தகடு பொருத்தியபின் எரிபொருள் செலவு ஏதுமில்லை. இப்போது இருவகை உடன்பாடுகளை எண்ணிப் பார்க்கலாம். விலை இத்தனை காசு என்று பல்லாண்டுக்கு நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தால், எரிவாயு ஏறும் காலத்தில் மன்றம் காக்கப்படும். கட்டணத்தில் இத்தனை விழுக்காடு குறைவு என்று மட்டும் இருந்தால், எரிவாயு ஏறும்போது வெயிலின் விலையும் கூடவே ஏறும். ஏற்றத்தின் ஊதியம் நிறுவனத்துக்குச் செல்லும். இரண்டுக்கும் தமிழ்ச் செய்தியில் கிடைக்கும் சொல் ஒன்றே: ‘சலுகை விலை’. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பல நகர மன்றங்கள் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தியபோது, ஏறிய மின்செலவும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. கூரை முழுதும் தகடு பதித்த புளோக்கில் வாழ்பவர் அவ்வறிவிப்பைப் படித்துத் திகைத்திருப்பாராயின் அதில் வியப்பில்லை. அவருடைய ஐயத்தைத் தீர்க்கக்கூடிய ஒரு சொல்லையும் அதுவரை யாரும் அவருக்குத் தரவில்லை.

பரப்பும் விளைச்சலும்

எண்களைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. ஒரு மயக்கத்தைச் சுட்டினால் போதும். மெகாவாட்-பீக் என்பது ஆற்றலின் விளைச்சல் அன்று. குறித்த சோதனை நிலையில் தகடுகள் தரக்கூடிய உச்ச அளவு அது. நிலத்துக்கு ஏக்கர் எப்படியோ தகட்டுக்கு அஃது அப்படி. விளைச்சலை அளப்பது மெகாவாட்-மணி. சிங்கப்பூரின் முகில் நிறைந்த வானத்தின்கீழ் ஒரு மெகாவாட்-பீக் தகடு ஓராண்டில் ஏறத்தாழ 1,200 மெகாவாட்-மணி தரும். இரவும் பகலும் உச்சத்திலேயே ஓடுவதாக வைத்துக் கணக்கிட்டால் 8,760 வரும்; கிடைப்பது ஏழில் ஒரு பங்கு. ‘76 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி’ என்று எழுதுவது, ‘76 ஏக்கர் நெல் விளைந்தது’ என்று எழுதுவதற்கு ஒப்பாகும். அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பள்ளியில் பணியாற்றியும் இப்பிழை மாணவர் கட்டுரைகளில் நீங்காதிருப்பது வருந்தத்தக்கது.

இன்னொன்று: வெயில் கொளுத்தும் நாடு, ஆகவே தகட்டுக்கு ஏற்ற நாடு என்ற முடிவு பல கட்டுரைகளில் காணப்படுகின்றது. தகடு உண்பது ஒளியை, வெப்பத்தை அன்று. சிலிக்கான் தகடு சூடேற ஏற அதன் திறன் குறைகின்றது. ‘சூரிய வெப்ப மின்சாரம்’ என்று எழுதுவோர் வேறொரு தொழில்நுட்பத்தின் பெயரை இதற்கு இட்டுவிடுகின்றனர். ‘சூரிய ஒளி மின்சாரம்’ என்பதே பொருந்தும்.

‘இத்தனை ஆயிரம் வீடுகளுக்குப் போதுமான மின்சாரம்’ என்னும் தொடரும் ஒருவகை உவமையே. 2021-இல் வெளியான பசுமைத் திட்டம் 2030-க்குள் குறைந்தது 2 கிகாவாட்-பீக் என்ற இலக்கை வைத்தது. அது 350,000 வீடுகளின் ஓராண்டுத் தேவைக்கு ஈடாகும், நாட்டின் 2030 மின்தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காடாகும் என்று விளக்கப்பட்டது. இரண்டும் ஒரே அளவைக் கூறும் எண்கள். முன்னது மலையாகத் தோன்றுகின்றது, பின்னது மடுவாகத் தோன்றுகின்றது. செய்தித் தலைப்பில் இடம்பெறுவது எப்போதும் முன்னதே. மேலும், கூரையில் விளைவது கீழுள்ள வீடுகளின் மின்விசிறியைச் சுழற்றுவதற்காக அன்று. மின்தூக்கிக்கும் விளக்குக்கும் விசைப்பொறிக்கும் போக எஞ்சியது பொது மின்கட்டமைப்புக்குச் செல்கின்றது.

பண்பும் பண்பியும்

இதுவரை கூறியவை சொற்களின் வழுக்கள். இனி வருவது அவற்றினும் ஆழமானது.

‘பசுமை மின்சாரம்’ என்பது பண்புத்தொகை போல நிற்கும் தொடர். பசுமை பண்பு, மின்சாரம் பண்பி. பண்பு தன் பண்பியை விட்டுத் தனித்து நில்லாது என்பது தமிழ் இலக்கண மாணவர் இளமையிலேயே கற்கும் பாடம். செந்தாமரையிலிருந்து செம்மையைப் பிரித்து ஒருவருக்கும், தாமரையை மற்றொருவருக்கும் விற்க இயலாது. ஆனால் மின்சந்தையில் அது நடைபெறுகின்றது. புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. ஒரு மெகாவாட்-மணிச் சூரிய மின்சாரம் விளைந்தால் ஒரு சான்றிதழ் பிறக்கும். மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றிதழை மற்றொருவருக்கும் விற்கலாம். சான்றிதழை வாங்கியவரே, ‘யாம் பயன்படுத்தியது பசுமை மின்சாரம்’ என்று உரிமை கொண்டாடலாம். மின்சாரத்தை மட்டும் வாங்கியவர் அவ்வாறு கூறினால் ஒரே பசுமை இருமுறை எண்ணப்பட்டதாகிவிடும். கணக்கு விதிகள் அதனை ஒப்புவதில்லை.

இது வெறும் தருக்கம் அன்று. ஆப்பிள் நிறுவனம் 2015-இலும் மைக்ரோசாஃப்ட் 2018-இலும் சிங்கப்பூரின் பல நூறு கூரைகளில் விளையும் சூரிய மின்சாரத்துக்காகச் சன்சீப்போடு உடன்பாடு செய்துகொண்டன. 2020-இல் ஃபேஸ்புக் (2021 முதல் இதன் பெயர் மெட்டா) அதே நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாடு இன்னும் வெளிப்படையானது: 1,200 வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கூரைகள், 49 அரசுக் கட்டடங்கள், மொத்தம் 100 மெகாவாட்-பீக். அது ‘மெய்ந்நிகர்’ மின்கொள்முதல் எனப்படுகின்றது. மின்சாரம் அந்நிறுவனத்தின் கட்டடத்துக்குக் கம்பி வழியே செல்வதில்லை. பசுமைச் சான்றே செல்கின்றது, அதன் சிங்கப்பூர்ச் செயல்பாடுகளின் கணக்கில் சேர்கின்றது. கீழே மின்தூக்கியை ஏற்றி இறக்குவது கூரையின் மின்சாரம். அதன் பசுமை மேலே வேறொருவருடையது. பண்பும் பண்பியும் பிரிந்த விந்தை இது.

இதில் குற்றம் யாதும் இல்லை. சான்றிதழ் விற்ற பணம் நிறுவனத்தின் கணக்கில் சேர்வதாலேயே நகர மன்றத்துக்கு மின்சாரத்தைக் குறைந்த விலைக்குத் தர இயலுகின்றது என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் அத்தகைய புளோக் ஒன்றின் மாணவனுக்கு, ‘எங்கள் புளோக்கும் சுற்றுச்சூழலும்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், ‘எங்கள் புளோக் பசுமை மின்சாரத்தில் இயங்குகின்றது’ என்று அவன் எழுதுவான். ஆசிரியர் அதற்கு மதிப்பெண்ணும் இடுவார். மாணவன் பொய் சொல்லவில்லை. ஆசிரியரும் அறியாமையால் தவறவில்லை. அவ்வாக்கியத்தைச் சொல்லும் உரிமை முன்னரே விற்கப்பட்டது என்பதை இருவருக்கும் தமிழில் எவரும் எழுதிக் காட்டவில்லை. ஒரு சமூகத்தில் ஒரு வாக்கியமே விலைப்பொருளாகும் காலத்தில், அதனை விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று கேட்பது மொழியாசிரியரின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகாது.

‘பசுமைப் பண்புகள்’ என்று மொழிபெயர்ப்போர் இதனைக் கூறுவர். அத்தொடர் எவருக்கும் எதனையும் உணர்த்துவதில்லை. மரம் வளர்ப்போரின் நற்குணம் என்றே தோன்றும். ‘பசுமை உரிமை’ எனலாம். உரிமை என்றால் கைமாறக்கூடியது என்பது தானே விளங்கும்.

மலேசியாவிலும் 2021-இல் தொடங்கிய நிகர மின் அளவீட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் அரசு அமைச்சுகள், அமைப்புகளின் கட்டடங்களுக்கென 100 மெகாவாட் ஒதுக்கப்பட்டது. அங்கே ‘நிகர அளவீடு’ என்பதற்கு ஊராட்சி மன்ற அறிவிப்பொன்றில் எவ்வாறு பொருள் கூறுவது என்ற சிக்கல் இதற்குச் சற்றும் இளைத்ததன்று. அது தனித்து ஆராயத்தக்கது.

குறை கூறுவது எளிது, திருத்தி எழுதிக் காட்டுவதே அரிது என்பாருக்காக ஓர் அறிவிப்பின் வரைவு இங்குத் தரப்படுகின்றது. நகர மன்றங்கள் நான்கு மொழிகளில் அறிவிப்புகளை ஒட்டுவது வழக்கம். அவற்றுள் தமிழ் அறிவிப்பு பின்வருமாறு அமையலாம்:

‘இப்புளோக்கின் கூரையில் உள்ள சூரியத் தகடுகள் இன்ன நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அவற்றைப் பராமரிப்பதும் அந்நிறுவனமே. அவற்றில் விளையும் மின்சாரத்தை நமது நகர மன்றம் விலை கொடுத்து வாங்கி, மின்தூக்கிக்கும் பொது விளக்குக்கும் தண்ணீர் ஏற்றவும் பயன்படுத்துகின்றது. சென்ற ஆண்டு வாங்கியது இத்தனை கிலோவாட்-மணி. கொடுத்த விலை இத்தனை வெள்ளி. அதே அளவைப் பொது மின்கட்டணத்தில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு இத்தனை வெள்ளி. இம்மின்சாரத்தின் பசுமை உரிமை இன்னாரிடம் உள்ளது.’

ஏழே வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் எழுவாய் உண்டு. கலைச்சொல் என்று அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவன் தன் பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம், பாட்டிக்கும் விளங்கும். முதல் மூன்று வாக்கியங்களை நகர மன்றம் இன்றே எழுதிவிடலாம். அடுத்த மூன்றுக்கும் மன்றத்தின் கணக்கர் ஒரு பிற்பகல் உட்கார வேண்டும். ஏழாவதற்குரிய விவரம் மன்றத்தின் கோப்பில் இருக்கவேண்டும் என்பதில்லை. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பெறவேண்டியது அது.